ஒழுங்கையை வரிசைப்படுத்தல்: ஸ்கிராட்சில் பட்டியல் பழகிய கதை

2008இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் ஒழுங்கையில் 11 வீடுகள் இருந்தன. யார் யாருக்கு அடுத்த வீடு, இப்போது எங்கே என்று எழுதிவைக்கும்படி அம்மா கேட்டார். தரம் 8இல் படிக்கும் பெறாமகள், "சித்தப்பா, கொப்பி வேண்டாம், ஸ்கிராட்சில செய்வம்" என்றாள். அவளிடம்தான் நான் பட்டியல் பழகினேன்.

ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுகூடத்தில் உருவாகி 2007இல் வெளியான தொடக்கநிலை நிரல்மொழி. இலவசமானது. ஒருமுறை தரவிறக்கி நிறுவினால் இணையம் இல்லாமலும் இயங்கும். கட்டளைகளைத் தட்டச்சிடத் தேவையில்லை, கட்டைகளாகப் பொருத்தலாம்.

மாறி ஒன்றில் ஒரு பெறுமானத்தையே வைக்கலாம். பட்டியலில் பலவற்றை வரிசையாக வைக்கலாம். மாறிகள் பகுதியில் புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கிப் பெயரிட்டால், சேர்க்க, அழிக்க, இடையில் செருக, மாற்ற, எண்ணிக்கையை அறிய என்று கட்டைகள் தோன்றும். முதல் உருப்படியின் இலக்கம் 1. பின்னர் பைதன் படிக்கப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே 0இல் தொடங்கும்.

பச்சைக் கொடியை இரண்டாம் தடவை அழுத்தியதும் 11 வீடுகள் 22 ஆயின. நிரல் நின்றாலும் பட்டியல் தன்னிடம் உள்ளதை மறப்பதில்லை. பெயர்களை நிரலே சேர்ப்பதானால், தொடக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டையை வைக்கவேண்டும். கையால் எழுதிய பட்டியலுக்கு அதை வைத்துவிடாதீர்கள், எல்லாமே போய்விடும்.

பெரிய பிழை நான் விட்டதுதான். ஸ்கிராட்சில் ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியலை வைக்க முடியாது. அதனால் 'வீடு', 'இப்போது' என்று இரண்டு வைத்திருந்தோம். இரண்டையும் இணைப்பது இலக்கம் மட்டுமே. 4ஆவது ரீச்சர் வீடு. 2009க்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. 'இப்போது' பட்டியலில் 4ஆவதை அழித்துவிட்டேன். அழித்தால் கீழே உள்ளவை எல்லாம் ஒருபடி மேலே ஏறும். ரீச்சர் வீட்டுக்கு நேரே 5ஆவது வீட்டாரின் 'கனடா' வந்துவிட்டது.

"ரீச்சர் கனடாவிலயோ இருக்கிறா?" என்று அம்மா எழும்பி வந்தார்.

விளக்கிச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. பெறாமகள்தான் சொன்னாள். பிறகு செருகும் கட்டையால் 4ஆவது இடத்தில் 'தெரியாது' என்று இட்டோம், மற்றவை தத்தம் இடத்துக்கு இறங்கின. தகவல் இல்லையென்றால் அழிக்காமல், மாற்றும் கட்டையால் அப்படி எழுதுவதே சரி.

பெயரைக் கொடுத்து அதன் இலக்கத்தைத் தேடும் கட்டையும் உண்டு. பட்டியலில் இல்லாவிட்டால் 0 தரும். ஆனால் 'ரீச்சர்' என்று சேர்த்துவிட்டு 'டீச்சர்' என்று தேடினாலும் 0தான் வரும். எனவே 0 வந்தவுடன் ஆள் இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம், எழுத்தைப் பாருங்கள்.

திரையில் தெரியும் பட்டியலின் மேல் வலது சொடுக்கினால் அதை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், ஒரு வரிக்கு ஓர் உருப்படி. இரண்டு கோப்புகளையும் பென் டிரைவில் போட்டு அம்மாவின் அலுமாரியில் வைத்திருக்கிறோம்.