ஒரு மேசை, பத்துப் பேர், ஒரு கணக்கு

கீழ்பென்னாத்தூர் பக்கம் சீட்டாட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரம்மி, மங்காத்தா. மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுகிறதா, வெளியே விழுகிறதா என்பதுதான் எல்லாமே. ரம்மியில் எந்தச் சீட்டு இறங்கியது என்று கவனித்து ஆட வேண்டும். அதனால்தான் 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அப்படியானால் போக்கர் எந்தப் பக்கம்? ஒரே மேசையில் நடக்கும் போக்கர் போட்டியின் கதையைப் பார்த்தால் விடை புரியும்.

லாஸ் வேகாஸில் தொடக்கம்

1970இல் லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலக போக்கர் தொடர் தொடங்கியது. முதல் ஆண்டு சாம்பியனை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். கையிருப்பு தீர்ந்தவர் வெளியேறும் போட்டி முறை 1971இல் வந்தது. ஆளுக்கு 5,000 டாலர் கட்டி 6 பேர் ஆடினார்கள். ஜானி மாஸ் 30,000 டாலரையும் மொத்தமாக வென்றார்.

1978இல் பரிசைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 42 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டியிருந்தார்கள். வென்ற பாபி பால்ட்வினுக்குக் கிடைத்தது 2,10,000 டாலர், அதாவது சரிபாதி. சிப் எனப்படும் வில்லைகள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. பணமோ பாதிதான் வந்தது. இந்த வித்தியாசத்தில்தான் போட்டி போக்கரின் உத்தி முழுவதும் அடங்கியிருக்கிறது.

குதிரையிடமிருந்து வந்த சூத்திரம்

1973இல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர், குதிரைப் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவது இடங்களைப் பிடிக்கும் வாய்ப்பைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். 1987இல் மேசன் மால்முத் அதே கணக்கைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். குதிரையின் பலத்துக்குப் பதில் வில்லைகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

2000களில் இணையத்தில் பரவிய ஒரு மேசைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 10 பேர், ஆளுக்கு 100 ரூபாய், மொத்தம் 1,000. முதல் பரிசு 500, இரண்டாவது 300, மூன்றாவது 200. தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிருப்பின் மதிப்பும் 100 ரூபாய். முதல் ஆட்டத்திலேயே ஒருவரைத் தோற்கடித்து வில்லைகளை இரட்டிப்பாக்கினால் மதிப்பு 200 ஆகுமா? ஆகாது. சூத்திரப்படி 184 ரூபாய்தான். ஆக, எல்லாவற்றையும் பணயம் வைக்கும் அழைப்பை ஏற்க 50 சதவீத வெற்றி வாய்ப்பு போதாது. சுமார் 54 சதவீதம் வேண்டும்.

நான்கு பேர் மிஞ்சும்போது நிலைமை இன்னும் கடினம். அடுத்து வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. நால்வரிடமும் சமமாக வில்லைகள் இருந்தால் மதிப்பு ஆளுக்கு 250. இரட்டித்தாலும் 383தான். இப்போது அழைப்பை ஏற்கக் குறைந்தது 65 சதவீத வாய்ப்பு வேண்டும்.

அடிப்படை உத்தி இதிலிருந்தே வருகிறது:

1. ஆரம்பத்தில் நல்ல சீட்டுக்கு மட்டும் ஆட வேண்டும். சேர்ப்பதைவிடக் காப்பது முக்கியம்.
2. கட்டாயப் பந்தயம் ஏற ஏறக் கையிருப்பு கரையும். பெரிய கட்டாயப் பந்தயத்தைப் போல் 10 மடங்குக்குக் கீழே போய்விட்டால் முழுவதையும் வைப்பது அல்லது சீட்டை மடக்குவது, இரண்டில் ஒன்று.
3. நால்வர் இருக்கும்போது முதலில் தள்ளுபவருக்கே லாபம்; ஏற்பவருக்கு ஆபத்து. வில்லை அதிகம் உள்ளவர் மற்றவர்களை மிரட்டலாம்.
4. இருவர் மட்டும் மிஞ்சினால் 300 ரூபாய் உறுதி. மீதி 200க்கு வில்லையும் பணமும் மறுபடி ஒரே கணக்குக்கு வந்துவிடும்; துணிந்து ஆடலாம்.

நீதிமன்றத்தில்

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சென்னை கிண்டி பந்தயத்தைப் பற்றிய வழக்கு. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுத்த தமிழகச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில் புதிய சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டமாகப் பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது.

அப்படியென்றால் திறமை உண்டு என்பதோடு விஷயம் முடிந்ததா? இன்னொரு வரவு செலவுக் கணக்கு பாக்கியிருக்கிறது. நடத்துபவர் ஆளுக்கு 10 ரூபாய் கட்டணம் வாங்கினால் மேசை 1,100 கொடுத்து 1,000 வாங்குகிறது. பத்துப் பேரும் மேதைகளாக இருந்தாலும் ஒவ்வொரு போட்டியிலும் மேசைக்கு 100 ரூபாய் நஷ்டம். திறமை செய்வது, அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்று தீர்மானிப்பது மட்டுமே. புதிதாக வருபவர் தலையில்தான் அது பெரும்பாலும் விழும்.

தமிழகத்தில் இணைய ரம்மியில் பணம் இழந்து கடனாகி உயிரை விட்டவர்களின் செய்திகள்தான் அந்தச் சட்டங்களுக்குக் காரணமாயின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

அரை நூற்றாண்டாக வளர்ந்த கணக்கு, வில்லையைக் காப்பாற்றிக்கொள் என்றுதான் ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதே கணக்கைக் கட்டணத்தோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தவருக்கு, மேசையில் உட்காருவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.