சோமர்வில் ஏன் விலகிச் சென்றார்?

இலங்கை மீதான ஜப்பானிய விமானத் தாக்குதலின் 50ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 1992ஆம் ஆண்டு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். பிரித்தானிய கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில்லை அதில் கடுமையாகச் சாடியிருந்தேன். எதிரி வருகிறான் என்று தெரிந்திருந்தும், தாக்குதலுக்கு மூன்று நாட்கள் இருக்கையில் மாலைதீவின் அத்து பவளத்தீவை நோக்கிச் சென்றுவிட்டார் என்பதே என் குற்றச்சாட்டு. அந்தத் தீர்ப்பை ஒரு கணனி விளையாட்டு அண்மையில் மீளாய்வு செய்ய வைத்தது.

'வோர் இன் த பசிபிக்' என்ற அவ்விளையாட்டை மருமகன் நிறுவித் தந்தான். கரி கிரிக்ஸ்பியின் குழுவினர் 2004இல் உருவாக்கியது. 2009இல் 'அட்மிரல்ஸ் எடிசன்' என விரிவுபெற்றது. இந்து சமுத்திரம் முதல் அமெரிக்காவின் மேற்குக் கரை வரை அறுகோணக் கட்டங்கள். கொழும்பும் திருகோணமலையும் அதில் உண்டு. 1941 டிசம்பர் 7இல் தொடங்கும் போரை ஒவ்வொரு நாளாக நகர்த்த வேண்டும்.

புதியவர்கள் பவளக் கடல் சமர் போன்ற சிறிய களங்களில் பழகுவதே முறை. சதுரங்கம் ஆடிய துணிச்சலில் நான் பெரும் போரிலேயே இறங்கினேன். கையேட்டையும் சரியாகப் படிக்கவில்லை. சில வாரங்களில் என் துறைமுகங்களில் எரிபொருள் வற்றியது. எண்ணெய்க் கப்பல்களை எங்கோ மறந்து நிறுத்தியிருந்தேன். சுடுவதை விட ஏற்றி இறக்குவதே போரின் பெரும்பகுதி என்பது அப்போதுதான் உறைத்தது.

1942 ஏப்ரல் வந்தது. சோமர்வில் செய்த தவறைச் செய்வதில்லை என்ற வைராக்கியத்துடன் கடற்படையை இலங்கைக்குத் தெற்கே சுற்றவிட்டேன். எதிரி வரவில்லை. நாசகாரிக் கப்பல்களின் எரிபொருள் நாளுக்கு நாள் குறைந்தது. ஆறாம் நாள் அனைத்தையும் அத்துவுக்குத் திருப்பினேன். எந்தக் கட்டளையைக் கண்டித்தேனோ, அதே கட்டளையை என் கையாலேயே பிறப்பித்தேன்.

பழைய குறிப்புகளை மீண்டும் எடுத்தேன். தாக்குதல் ஏப்ரல் 1 அளவில் வரும் என்றே உளவுத் தகவல் கூறியது. மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 இரவு வரை சோமர்வில் காத்திருந்தார். பழைய போர்க்கப்பல்களில் நன்னீரும் தீர்ந்துகொண்டிருந்தது. எனவே அத்துவுக்குத் திரும்பினார். ஏப்ரல் 4 மாலை கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு தகவல் அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது.

அட்மிரல் நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன, சோமர்வில்லிடம் மூன்று. பகலில் மோதியிருந்தால் கிழக்குக் கடற்படையே அழிந்திருக்கக்கூடும். ஆகவே விலகிச் சென்றது பிழையன்று. அபாயம் நீங்கியதாகக் கருதிக் கப்பல்களைப் பிரித்ததே பிழை என்று இன்று எண்ணுகிறேன். கொழும்புக்கு அனுப்பப்பட்ட டோர்செட்ஷயர், கோர்ன்வோல் ஆகிய இரு குரூசர்களும், அத்துவிலிருந்து வரும் கடற்படையுடன் மீண்டும் சேர விரைந்தபோது ஏப்ரல் 5இல் மூழ்கடிக்கப்பட்டன. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலைக்கு அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக் கடலில் 300க்கு மேற்பட்டோருடன் மூழ்கியது.

விளையாட்டு எனக்குக் கற்பிக்காததும் ஒன்றுண்டு. கப்பல்களையும் விமானங்களையும் அது ஒன்றுவிடாமல் எண்ணுகிறது. குண்டு விழுந்த அங்கொடை மனநல மருத்துவமனைக்கு அதில் கட்டமில்லை. கைக்குழந்தையுடன் திருகோணமலையை விட்டு ஓடிய என் அம்மம்மாவும் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1992இல் அவரைப் பற்றி நானும் ஒரு வரி எழுதவில்லை. அப்போது அவர் உயிரோடிருந்தார், கேட்டிருக்கலாம்.

பிழை விட்டால் திருத்தம் வெளியிடுவது பத்திரிகை மரபு. 30 ஆண்டுகளுக்கு மேல் தாமதித்த என் திருத்தம் இது.