அடியெண்ணி அளந்த தூரம்

காலை வேளையில் மயூர் விஹாரின் சஞ்சய் ஏரியைச் சுற்றி ஓடுவோரை நாம் அன்றாடம் காண்கிறோம். ஒரு சுற்று முடிந்ததும் அவர்கள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தை நோக்குகிறார்கள். இன்று எத்தனை கிலோமீட்டர், இவ்வாரம் எத்தனை என்ற கணக்கெல்லாம் அதனுள் தானாகவே ஏறிவிடுகிறது. சென்ற தலைமுறையின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இக்கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தம் கையாலேயே எழுதி வந்தனர். அவர்களுக்கும் நெடுங்காலம் முன்னே, நம் நாட்டில் ஒருவர் தாம் வைத்த ஒவ்வோர் அடியையும் எண்ணிக் கணக்கு வைத்தார். அக்கணக்கு பிறர் கண்ணில் பட்டிருந்தால் அவர் உயிருக்கே உறுதியில்லை.

அவர் பெயர் நயின் சிங் ராவத். 1830-இல் குமாவுன் மலைநாட்டின் மிலம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளியாசிரியராக இருந்தமையால் பண்டிதர் என்று அழைக்கப்பெற்றார். அந்நாளில் திபெத்து அயலாருக்கு மூடிய நாடு. 1802-இல் நம் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே, லாம்டன் என்பவர் எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, இமயம் வரை வந்து அங்கே தடைப்பட்டு நின்றது. சங்கிலியை இழுத்துக்கொண்டு லாசா நகருக்குள் நுழைய இயலுமா? ஆகவே காப்டன் மான்ட்கொமரி என்னும் அதிகாரி, மனிதருடைய கால்களையே அளவுகோலாக்கத் துணிந்தார்.

டேராடூனில் பண்டிதருக்குப் பயிற்சி தரப்பட்டது. மேடாயினும் பள்ளமாயினும் அடியின் நீளம் மாறக் கூடாது. 2,000 அடிவைப்பு ஒரு மைல். கையில் ஒரு ஜபமாலை. ஜபமாலைக்கு மணிகள் 108 என்பது நாம் அறிந்ததே; பண்டிதரின் ஜபமாலைக்கோ 100 மட்டுமே. நூறு அடிக்கு ஒரு மணியாகத் தள்ளிவந்தால், முழுச் சுற்றுக்கு 10,000 அடி, அதாவது ஐந்து மைல். எட்டு மணிகளைக் குறைத்ததில் கணக்கு எத்துணை எளிதாகிவிட்டது பாருங்கள்! மைல் என்னும் சொல்லே ஆயிரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும். ரோமானியர் இடக்கால் ஊன்றும்போது மட்டும் எண்ணினர். இரு கால்களையும் எண்ணினால் அதுவும் 2,000 தானே.

அன்றன்று கண்ட தூரத்தை எழுதிய தாள், திபெத்தியர் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்தினுள், மந்திரச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் மறைந்திருந்தது. எவரேனும் நெருங்கினால் பண்டிதர் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்குவார். பிரார்த்தனை செய்பவரை யாரும் பேச்சுக்கு இழுப்பதில்லை. நம் தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் ஒன்று, ஊர் 29 காதம் என்று எழுத்தில் சொல்வதோடு, எழுத்தறியாதவருக்காகப் பத்துக்கு ஒரு பெருங்குழியும் ஒன்றுக்கு ஒரு சிறுகுழியுமாகக் குடைந்தும் காட்டுகிறது. வழிப்போக்கர் எல்லோருக்கும் பொதுவான கணக்கு அது. பண்டிதருடையதோ தமக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

1865 ஜனவரியில் புறப்பட்டவர், ஓராண்டுக்குப்பின் லாசாவை அடைந்து, 1866 அக்டோபரில் திரும்பினார். 1,200 மைலுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 25 இலட்சம் அடிகள். பனிக் கணவாயில் களைத்த ஒரு நாள் நூறு அடியைக் கூட்டி எழுதியிருந்தால் கேட்பார் யார்? தனியே ஓடுபவரின் நோட்டுப் புத்தகத்துக்கும் இதே நிலைதான். சாட்சி அவர் ஒருவரே. பண்டிதர் மறைவாக விண்மீன்களை நோக்கிக் குறித்துவந்த அட்சரேகைகள் அவருடைய அடிக்கணக்கைச் சரிபார்க்க உதவின. கணக்கு நின்றது, லாசா நகரம் தேசப்படத்தில் தன் இடத்தைப் பெற்றது. ஆயினும் முதலில் வெளிவந்த அறிக்கையில் அவர் ‘பண்டிதர்’ மட்டுமே, பெயர் மறைக்கப்பட்டது. 1877-இல் லண்டன் ராஜரீக பூகோள சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. நம் அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால்தலையை வெளியிட்டது 2004-இல். நம் கருத்தில் அது மிகத் தாமதமே.

அவருடைய உறவினர் கிஷன் சிங்கும் இவ்வழியில் பயின்றவரே. 1878 முதல் 1882 வரை நீண்ட தம் பயணத்தில், கொள்ளையருக்கு அஞ்சி ஒரு பகுதியைக் குதிரைமேல் கடக்க நேர்ந்தது. நடந்தால்தானே அடியெண்ண இயலும்? அவர் கணக்கை விடவில்லை. குதிரையின் வலது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே சென்றார்.