கிராமத்துக்கு வரப் பிந்திய மருந்து

போதைக்கு அடிமையான ஒருவரை என்ன செய்வது எண்டு கேட்டால், எங்களில் கனபேர் சொல்வது "பிடிச்சு உள்ள போடுங்கோ" என்பதைத்தான். அமெரிக்காவும் ஒருகாலம் அப்படித்தான் யோசித்தது. 1935 இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் பாதி சிறையும் பாதி வைத்தியசாலையுமாக ஒரு பெரிய நிலையம் திறக்கப்பட்டது. கைதிகளும் தாங்களாகவே வந்தவர்களும் அங்கே பண்ணை வேலை செய்தார்கள். ஆனா வெளியே போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தார்கள்.

1965 இல் நியூயோர்க்கில் வின்சன்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு வைத்தியர்கள் 22 பேருக்கு மெதடோன் கொடுத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். மெதடோனும் ஓபியொயிட் வகைதான். ஆனா ஒருமுறை குடித்தால் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். உடம்பு உளைவும் தவிப்பும் அடங்குவதால் ஆள் வேலைக்குப் போகலாம், படிக்கலாம். நீண்டகால நோய்க்கு நீண்டகால மருந்து என்பதுதான் அவர்களின் வாதம்.

சிக்கல் சட்டத்தில வந்தது. 1970களின் விதிகள் மெதடோனை விசேட கிளினிக்குகளுக்குள் பூட்டின. தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் நேரில் போய்த்தான் குடிக்க வேண்டும். கிளினிக்குகளோ பெரும்பாலும் நகரங்களில். பஸ் இல்லாத மலைக்கிராமத்தில் இருப்பவர் தினமும் அவ்வளவு தூரம் போய்வந்தால், எந்த வேலையில் நிலைக்க முடியும்?

1996 இல் ஒக்சிகொன்டின் என்ற வலிநிவாரணி சந்தைக்கு வந்தது. நிலக்கரிச் சுரங்கமும் மரவேலையும் உடம்பை முறித்த கிழக்குக் கென்டக்கி, மேற்கு வேர்ஜினியா, மெய்ன் போன்ற கிராமப்புறங்களில் அது வேகமாகப் பரவியது. அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதற்காகப் பர்டியு கம்பனி 2007 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

2000 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. புப்ரெநோர்பின் என்ற மருந்தை, 8 மணித்தியாலப் பயிற்சி எடுத்த சாதாரண வைத்தியரும் எழுதிக் கொடுக்கலாம். ஆனா முதலில் 30 நோயாளிகளுக்கு மேல் கூடாது. இதில முரண் என்னவெண்டா, ஒக்சிகொன்டினை எழுத அப்படியொரு விசேட அனுமதியும் தேவைப்படவில்லை, எண்ணிக்கை வரம்பும் இருக்கவில்லை. நோயைத் தந்த மருந்துக்கு வழி அகலம். நோய்க்கான மருந்துக்கு ஒற்றையடிப் பாதை.

கிராமங்கள் நிறைந்த வெர்மொன்ட் மாநிலம் வேறு வழியைத் தேடியது. அங்கே முதலாவது மெதடோன் கிளினிக்கே 2002 இல்தான் வந்தது. ஏறக்குறைய பத்து வருசத்துக்குப் பிறகு அவர்கள் சக்கரம் போன்ற ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். நடுவில் மெதடோன் கொடுக்கும் பெரிய நிலையங்கள், ஆரங்களாக ஊர்க் குடும்ப வைத்தியர்கள். ஒவ்வொரு 100 நோயாளிகளுக்கும் ஒரு தாதியும் ஒரு ஆலோசகரும் அரச செலவில். தனியாக நிற்க அஞ்சிய கிராமத்து வைத்தியருக்கு இதுதான் துணிவு தந்தது.

கொரோனா காலத்தில், நிலையான நோயாளிகள் 28 நாள் மெதடோனை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. புப்ரெநோர்பினுக்கான விசேட அனுமதி 2022 டிசம்பரில் முற்றாக நீக்கப்பட்டது. அப்படியிருந்தும் சிகிச்சை பெறுவோர் தொகை சடுதியாகக் கூடவில்லை. மருந்தை வைத்திருக்கத் தயங்கும் பார்மசிகள், "இவன் தூள்காரன்" என்ற பார்வை, இவற்றைச் சட்டம் மட்டும் மாற்றிவிடாது.

எங்கள் நாட்டில், யுத்தத்துக்குப் பிறகு முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வு நடத்திய அதே பணியகம்தான் கந்தக்காட்டில் போதைக்கு அடிமையானோருக்கான நிலையத்தையும் நடத்தியது. லெக்சிங்டனின் கதை அதனால்தான் எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனுக்கு உதவி தேவைப்பட்டால், அவன் போகக்கூடிய கதவு கிராமத்து வைத்தியசாலையில் இருக்க வேண்டுமா, முட்கம்பிக்குப் பின்னால் இருக்க வேண்டுமா? இதைத்தான் நாங்கள் இப்போது கேட்க வேண்டும்.