மென்பொருட் பராமரிப்பின் இருநெறிகள்

இயந்திரம் தேய்வினாற் பழுதுறும், மென்பொருள் தேய்வதன்று. ஆயினும், பயன்பாட்டில் வெளிப்படும் பிழைகளைக் களையவும் புதிய தேவைகளை நிறைவு செய்யவும் அதனை இடையறாது மாற்றவேண்டியுள்ளது. ஒரு பகுதியிற் செய்யும் திருத்தம் அதனைச் சார்ந்த பிற பகுதிகளையும் தாக்குமாதலின், மாற்றங்களை ஒழுங்குபடுத்திப் பதிவுசெய்யும் நெறியொன்று இன்றியமையாததாயிற்று. அந்நெறி மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினியில் ஒரு வடிவமும் லினக்ஸில் வேறொரு வடிவமும் பெற்றது. இவ்வேறுபாட்டின் காரணம் ஆராயத்தக்கது.

1964 ஏப்ரில் 7ஆந் திகதி ஐ. பி. எம். நிறுவனம் சிஸ்ரம்/360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கென எழுந்த ஓ. எஸ்./360 என்னும் இயக்குதளம் அக்காலத்து மென்பொருள்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் ஆக்கத்தை நெறிப்படுத்திய பிரடெரிக் புரூக்ஸ் தம் பட்டறிவை 1975இல் நூலாக்கினார். ஒரு பிழையைத் திருத்துங்கால் மற்றொரு பிழை புகுவதற்கு நூற்றுக்கு 20 முதல் 50 வரை வாய்ப்புண்டு என்பது அவர் கணிப்பு. திருத்தமே தீங்காகலாம் என்னும் இவ்வச்சம் பின்வந்த முறைகள் யாவற்றுக்கும் அடிப்படையாகும்.

பெருங்கணினியைக் கொண்ட நிறுவனங்கள் பல, இயக்குதளத்தின் நிரலைத் தம் தேவைக்கேற்பத் தாமே மாற்றிக்கொண்டன. எனவே, ஒரே மென்பொருள் இடத்துக்கிடம் வேறுபட்டது. இந்நிலையில் 1970களில் எஸ். எம். பி. என்னும் கருவி வழக்கிற்கு வந்து, 1980களில் எஸ். எம். பி./ஈ. என விரிவுற்றது. நிரலின் ஒவ்வொரு சிறுகூறுக்கும் தனிப்பதிவு வைத்தலே அதன் சிறப்பு. அக்கூறு எப்பொருளுக்குரியது, இறுதியாக அதனை முற்றாக மாற்றீடு செய்த திருத்தம் யாது, அதன்பின் ஓரளவு மாற்றியவை யாவை என்பன அப்பதிவில் அடங்கும். வாடிக்கையாளர் தாமே செய்த மாற்றத்தை அறியாது அழிக்க முனையும் திருத்தத்தை அக்கருவி தடுத்து நிறுத்தும். மேலும், பெறுதல், பிரயோகித்தல், ஏற்றல் என்னும் மூன்று படிகளிலே திருத்தம் நிறைவுறும். பிரயோகித்தபின் குறை காணின் பழைய நிலைக்கு மீளலாம். ஏற்றபின் அவ்வழி அடைபடும்.

லினக்ஸின் சூழல் வேறு. 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் அதன் கருவை வெளியிட்டார். அதனோடு இயங்கும் மென்பொருள்கள் பல நாட்டவர் தனித்தனியே இயற்றியவை. அவற்றை ஒன்றோடொன்று இயைப்பது எங்ஙனம் என்பதே ஈண்டெழுந்த வினா. 1993இல் இயன் மேடொக் தொடங்கிய டெபியனும், 1995இல் ஆர். பி. எம். கருவியைத் தந்த றெட் ஹற் நிறுவனமும் பொதிமுறையால் இதற்கு விடைகண்டன. ஒவ்வொரு பொதியும் தான் சார்ந்த பிற பொதிகளைப் பெயராலும் பதிப்பெண்ணாலும் அறிவிக்கும். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1உடன் பரவிய ஏ. பி. ரி., வேண்டிய பொதியையும் அது சார்ந்தவற்றையும் களஞ்சியத்தினின்று தானே தெரிந்து பெற்றது.

இங்கே திருத்தம் என்பது முழுப்பொதியையும் புதிய பதிப்பால் மாற்றுதலாகும். பயனர் நிரலிற் செய்த மாற்றம் அப்போது அழிந்துபடும். அமைப்புக் கோப்புகளை அவர் மாற்றியிருப்பின் மட்டும் டெபியனின் கருவி அவரைக் கேட்டே செயற்படும்.

இவ்விரண்டனுள் முன்னையது வீண்சுமை என்றோ, பின்னையது கவனமற்றது என்றோ கூறுதல் பொருந்தாது. பெருங்கணினியில் ஒவ்வோரிடத்துப் பிரதியும் தனித்தன்மை உடையது. ஆதலின் மாற்றத்தின் பதிவும் சோதனைப் பொறுப்பும் அவ்விடத்தார் கையில் இருந்தன. லினக்ஸில் பிரதி பொதுவானது. ஆதலின் அப்பொறுப்பின் பெரும்பகுதி களஞ்சியத்தைப் பேணுவோரைச் சார்ந்தது. இதனால் எண்ணற்றோர்க்குப் பராமரிப்பு எளிதாயிற்று. ஆயின், தம் கணினியில் எக்கூறு எதனால் மாறியது என்னும் நுண்ணறிவு அவர்களிடம் குறைந்தது.

1999 டிசெம்பரில் ஐ. பி. எம். தன் பெருங்கணினியில் லினக்ஸ் இயங்குதற்குரிய நிரலை வெளியிட்டது. அன்றுமுதல் ஒரே இயந்திரத்தில் இருநெறிகளும் அருகருகே வழங்குகின்றன. நெறிகளின் வேறுபாடு இயந்திரத்தால் வந்ததன்று. பொறுப்பு யாரிடத்தது என்பதால் வந்தது என்பதற்கு இதுவே சான்றாகும்.