தேசபக்தன் மலையேறிய வரலாறு

இலங்கையின் அட்டன், நுவரெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டத் தமிழ் ஜனங்களுக்காகப் பத்திரிகை தோன்றிய விருத்தாந்தத்தை எழுதப் புகுவோர், முதலில் மலைக்கன்று, கொழும்புக்கே செல்ல வேண்டும். அங்கே அச்சான தாள்கள், 1884இல் அட்டனையும் மறு ஆண்டு நானுஓயாவையும் எட்டிய ரயில் பாதை வழியே மேலேறின. ஸ்டேஷன் வரை வருவது எளிது. அங்கிருந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் நுழைவதே அரிது. அக்காலத்தில் தோட்டம் முழுவதும் அதன் அதிகாரியான துரையின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அவர் அனுமதியின்றி அந்நியர் எவரேனும் அடியெடுத்து வைத்தால், அத்துமீறிப் பிரவேசித்த குற்றமாகக் கருதப்பட்டது.

இந்த வேலியைக் கடந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' பத்திரிகையை நடத்திவந்த இவர், வர்த்தகர் சங்க அலுவலாக இலங்கைக்கு வந்தபோது தொழிலாளரின் கஷ்டங்களைக் கேள்வியுற்று, புடைவை வியாபாரி வேஷம் பூண்டு, துணி மூட்டையுடன் தோட்டங்களுக்குள் புகுந்து, யாவற்றையும் கண்ணாரக் கண்டறிந்தார். ஒரு பத்திரிகாசிரியர் தம் வாசகரைக் காண்பதற்கே மாறுவேஷம் தரிக்க நேர்ந்ததைக் காட்டிலும் அக்காலத் தோட்ட நிலைமைக்கு வேறு சாக்ஷியம் வேண்டுவதில்லை.

1921இல் அவருடைய 'தேசநேசன்' நாளேடு கொழும்பில் உதயமாயிற்று. 1924இல் 'தேசபக்தன்' தொடர்ந்தது. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்து, அதைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவனைக் கைமாற்றிவிடும் 'துண்டு' முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் அந்த 1921ஆம் ஆண்டில்தான். ஆயினும் சட்டம் பிறந்த செய்தியை, தன்னை வேலைவாங்கும் கங்காணியின் வாய்மொழியன்றி வேறு வாய்மொழி அறியாத ஒருவனுக்கு எடுத்துச் சொல்வார் யார்? 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என்று பின்னர் நாட்கூலி நிர்ணயமானபோதும் இதே கேள்வி எழுந்தது. பேர் போட்ட, அதாவது வேலை செய்ததாகப் பதிந்த, நாட்களைக் கணக்கப்பிள்ளை கூட்டிச் சொல்லும் தொகை சரிதானா என்று பார்ப்பதற்கு அந்த மூன்று எண்களும் தெரிந்திருக்க வேண்டும். தலையங்கத்தின் ஆவேசத்தைவிட இத்தகைய எண்களே பெரும் உபகாரம் செய்தன என்பது என் துணிபு.

அக்காலத் தொழிலாளருள் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. கொழுந்து நிறுத்து முடிந்து அந்தியில் லயத்துக்குத் திரும்பியபின் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றோர் கேட்டிருப்பதே வழக்கமாயிருந்தது. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை, தாமே பாட்டுக் கட்டி, ஜனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் கூட்டங்கள்தோறும் பாடிய காரணமும் இதுவே. அச்செழுத்து புகாத காதுகளிலும் அப்பாட்டுப் புகுந்தது. பத்திரிகையின் சரித்திரத்தில் இவ்வம்மையாருக்கு ஆசிரியருக்குச் சமமான ஸ்தானம் தர வேண்டும்.

1931இல் நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஸ்தாபித்தார், 1936இல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார், 1947இல் காலமானார். சம்மேளனம் தோன்றுவதற்கு முன்பே, 1930 ஆகஸ்ட் 6இல் ஆவணிப்பட்டி பெ. பெ. ரெ. சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் 'வீரகேசரி' பத்திரிகையைத் தொடங்க, எழுத்தாளர் வ. ரா. சில காலம் அதன் ஆசிரியராயிருந்தார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னரும், அத்தாள் அவர்களிடம் போய்க்கொண்டிருந்தது. அவ்வேட்டில் பணியாற்றிய எஸ். எம். கார்மேகம் மலைநாட்டு எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகளை நடத்த, பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்னும் நூலாகத் திரண்டன.