இறால் ஓடு புண்ணுக்கு வந்த வழி

தூத்துக்குடியின் இறால் பதனிடும் கூடங்களில் உரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பனிக்கட்டி நீரில் விரல் மரத்துப்போக, தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, குடலை உருவிப் போடுகிறார்கள். சதை உறைந்து கப்பலேறிவிடும். எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை வரும் தலையும் ஓடும் கூடையில் மிஞ்சும். வெயில் ஏறினால் சில மணி நேரத்தில் நாற்றம் எடுத்துவிடும். ஆறாத புண்ணின் மேல் போடும் கட்டு ஒன்று அந்தக் கூடையிலிருந்துதான் புறப்படுகிறது.

கழுவிக் காயவைத்த ஓட்டை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். நுரை பொங்கிச் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோகும். அடுத்து நீர்த்த காஸ்டிக் சோடாவில் புரதம் போகும். நிறத்தையும் நீக்கிவிட்டால் கையில் நிற்பது கைட்டின். 1811இல் பிரான்சின் ஹென்றி பிராகோனோ காளானில் முதலில் கண்டறிந்த பொருள் இது. தண்ணீரில் கரையாது, எதனுடனும் எளிதில் சேராது. அதைச் செறிந்த காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தால் அசெட்டைல் தொகுதிகள் பெருமளவு கழன்று கைட்டோசான் ஆகிறது. 1859இல் ரூஜே என்பவர் காரத்தில் கொதிக்கவைத்துக் கண்ட மாற்றம் இதுதான். கைட்டோசான் வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் கரையும். கரைந்ததை இழையாக இழுக்கலாம், படலமாக வார்க்கலாம், உறையவைத்து உலர்த்திப் பஞ்சாகவும் ஆக்கலாம்.

அமிலத்தில் கரையும்போது கைட்டோசான் நேர்மின்னூட்டம் பெறுகிறது. சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்பரப்பும் அப்படியே. அதனால் ரத்தம் ஒழுகும் இடத்தில் அணுக்களை இழுத்துத் திரட்டி அடைக்கிறது, கிருமியின் உறையையும் குலைக்கிறது. கைட்டோசான் கட்டு ஒன்றுக்கு 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் அமெரிக்கப் படையினரின் மருத்துவப் பைகளில் அது இருந்தது.

சீழ் பிடித்த புண்ணுக்குக் கைட்டோசான் மட்டும் பல நேரம் போதாது. அங்கே வெள்ளி வந்து சேர்கிறது. தீப்புண்ணுக்குத் தடவும் சில்வர் சல்ஃபாடயசின் 1960களிலிருந்தே மருத்துவமனைகளுக்குப் பழக்கம். நானோ அளவுத் துகள்களில் வெள்ளியின் மேற்பரப்பு பெருகுவதால், சிறிதளவு வெள்ளியே அயனிகளை நிதானமாக வெளியிட்டுக்கொண்டிருக்கும். அயனி கிருமியின் நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. இந்தத் துகள்களைச் செய்ய நச்சு வேதிப்பொருள் வேண்டியதில்லை என்று காட்டியவர்களில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தாரும் உண்டு. 2004இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அந்த வேலையைச் செய்தது வேப்பிலைச் சாறு. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றினால் நிறம் மஞ்சளாகிப் பழுப்பாகும். துகள் பிறந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். கைட்டோசானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிடித்துவைக்கிறது.

கழிவு ஓடு, வேப்பிலை, சிறிதளவு வெள்ளி என்றதும் இதைப் ‘பசுமைப் பொருள்’ என்று அழைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த அவசரம் ஒப்பவில்லை. ஓடு கழிவு ஆவதற்கு முன்னால் இறால், இறாலுக்கு முன்னால் குட்டை. நாகப்பட்டினம் பக்கத்தில் இறால் குட்டைகளின் உப்பு நெல்வயலிலும் குடிநீரிலும் ஏறியதை எதிர்த்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பும் பெற்றார். அதன் பிறகே கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஆணையமும் 2005இல் சட்டமும் வந்தன. அந்த உப்பையும் கணக்கில் எழுதவேண்டும். ஓட்டைக் கழுவிய அமிலமும் காரமும் எந்த ஓடையில் சேர்கின்றன என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். லாக்டிக் அமிலப் பாக்டீரியாவை வைத்து ஓட்டைப் புளிக்கவைத்துச் சுண்ணாம்பையும் புரதத்தையும் பிரிக்கும் முறை இருக்கிறது. மெதுவானது, ஆனால் கழிவுநீர் அவ்வளவு கொடியதல்ல. பணமும் உழைப்பும் அங்கே போகவேண்டும் என்பது என் எண்ணம்.

மருத்துவமனையிலும் நிதானம் வேண்டும். வெள்ளிக்கு மசியாத சால்மோனெல்லா பாஸ்டன் தீப்புண் வார்டு ஒன்றில் தலைகாட்டியதை 1975லேயே மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். அளவு மீறினால் வெள்ளி புதுத்தோல் அணுக்களையும் வாட்டும். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணை ஆற்றுவதற்கென்றே வெள்ளிக் கட்டுப் போடவேண்டாம் என்கின்றன சர்வதேச நீரிழிவுப் பாதநோய் வழிகாட்டுதல்கள். தொற்று உள்ள புண்ணில் இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, பிறகு தேவையா என்று மறுபடி எடைபோடச் சொல்கிறது 2012இன் சர்வதேச நிபுணர் கருத்து. புண் உள்ள காலை அழுத்தாமல் வைப்பது, ரத்த ஓட்டம் சரிபார்ப்பது, செத்த சதையை அகற்றுவது ஆகியவற்றைச் செய்யாமல் எந்த நானோவும் அந்தப் புண்ணை ஆற்றாது.

கட்டைக் கழற்றிய பின்னும் பயணம் தொடர்கிறது. மருத்துவமனையில் அது மஞ்சள் பையில் விழுந்து எரியூட்டலுக்குப் போகும். கைட்டோசான் எரிந்துபோகும், வெள்ளி சாம்பலில் தங்கும். வீட்டில் மாற்றினால் பெரும்பாலும் ஊராட்சிக் குப்பையோடு சேரும். அங்கே மண்ணின் நுண்ணுயிரிகள் கைட்டோசானை மெல்லத் தின்று தீர்த்துவிடும். வெள்ளியைத் தீர்க்க அவற்றால் முடியாது. ஆகவே கட்டு செய்பவர்கள் உறையின் மேல் விலையோடு வெள்ளியின் அளவையும், கழற்றிய கட்டை எங்கே சேர்க்கவேண்டும் என்பதையும் தமிழில் அச்சிடட்டும்.